ஏழாவது முட்டை

எட்டு முட்டையில் ஐந்து, ஊசி பட்டதும் வெடித்துவிட்டன என்று டாக்டர் கலாதேவி சொன்னபோது புனிதாவுக்கு அழுகை வரவில்லை. பவித்ரனின் வலது கைதான் கண் முன்னால் வந்து நின்றது. பதினோரு வருடக் குடித்தனத்தில் கெட்ட செய்தி எது வந்தாலும் கூடவே அந்தக் கையும் வரும். லோரி டயர் வெடித்தாலும் வரும், மீன் குழம்பில் உப்பு கூடினாலும் வரும், டிவியில் அவன் ஆதரிக்கும் அணி தோற்றாலும் வரும்.

"மத்த மூணு?" என்று கேட்டாள்.

"ஒண்ணு கருவாகவே இல்ல. ஒண்ணு மூணாம் நாளு நின்னுருச்சு. ஏழாவது முட்டை மட்டும் அஞ்சு நாளத் தாண்டிருச்சு. அத ஃப்ரீஸ் பண்ணி வெச்சிருக்கோம்." டாக்டர் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். எட்டு வரிகள், முட்டைக்கு ஒரு வரி. "ஊசி உள்ள போறப்ப முட்டையோட சவ்வு எப்படி நடந்துக்குதுன்னு லேப்ல எழுதி வெப்பாங்கமா. சிலது தொட்டதுமே விட்டுரும், எதிர்ப்பே இருக்காது. அதுங்கதான் அதிகமா வெடிக்கும். நல்லதுன்னா ஊசியோட சேர்ந்து கொஞ்ச தூரம் உள்ள போகும், இழுபடும், அப்புறம்தான் வழி விடும். ஊசிய எடுத்ததும் மூடிக்கும். ரொம்ப முரண்டு பிடிச்சாலும் சிக்கல்தான்."

இதற்கு மேல் புனிதாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பத்து காஜா பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாகப் பரிசோதனை மேசையில் இருப்பவள் அவள். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். மட்டமான ரப்பர் நகம் பட்டதும் கிழியும். அதிகம் வெந்தது விறைத்துக்கொண்டு நிற்கும். நல்லது இழுத்த இழுப்புக்குப் போய்விட்டுத் தன் இடத்துக்குத் திரும்பும். பாட்டன் பால் வெட்டிய ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்து வீடு கட்டி விற்றாகிவிட்டது. பேத்தி இன்னும் அந்தப் பாலோடுதான் மாரடிக்கிறாள்.

"அப்ப என் முட்டைதான் மட்டமா, டாக்டர்?"

"அப்படிச் சொல்லாதீங்க. மருந்தோட அளவு, முட்டைய எடுத்த நேரம், எவ்வளவோ காரணம் இருக்கு. இன்னொரு தடவ செய்யணும்னா மருந்த மாத்திப் பாப்பேன். அதிர்ந்து அதிர்ந்து மெதுவா துளைக்கிற ஊசியும் இருக்கு. இப்ப கையில இருக்கறதப் பாப்போம். நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது, ஆனா நல்ல கரு. அடுத்த மாசம் ரெண்டு பேரும் வந்து கையெழுத்து போடுங்க, உள்ள வெச்சிரலாம்."

"நான் மட்டும் போட்டா போதாதா?"

"போதாதும்மா. ரெண்டு பேரும் போடணும்."

ஊசியே எதற்கு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பவித்ரனின் விந்தில் உயிரணு குறைவு, இருப்பதும் நீந்தாது, அதனால் ஒன்றைப் பிடித்து ஊசியால் முட்டைக்குள் செலுத்த வேண்டும் என்று இதே அறையில்தான் டாக்டர் போன வருடம் சொன்னார். அவர் முன்னால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வரும் வரை வாயைத் திறக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்தியதும் புனிதாவின் கடைவாய்ப் பல்லை உடைத்தான். கோளாறு அவனுடையது, போனது அவள் பல்.

எட்டு வரித் தாளோடு அவள் திரும்பிய மாலை ஐந்தரைக்கு அவன் வீட்டுக்கு வந்தான். கல்குவாரியிலிருந்து பாரிட் புந்தாருக்கு இரண்டு நடை கல் ஏற்றிப் போன உடம்பு, தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று புனிதா தட்டை எடுத்தாள். அவன் உட்காரவே இல்லை.

"எத்தன இருக்கு?"

"ஒண்ணு இருக்கு. நல்ல கருவாம்."

"எட்டு எடுத்தாங்கல்ல?"

சரியாக வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வளரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் மனதுக்குள் உருட்டிக்கொண்டு வந்த சொல்லே வாயில் வந்தது.

"அஞ்சு வெடிச்சிருச்சு."

கை வந்தது. முதல் அறையில் தட்டு பறந்து சுவரில் அடித்தது. இரண்டாவதில் அவள் தரையில் கிடந்தாள். அவன் அவள் முடியைக் கையில் இரண்டு சுற்று சுற்றித் தூக்கி, நெற்றியை ஐஸ்பெட்டிக் கதவில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது மோதலுக்கு அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"வெடிச்சிருச்சா?" என்றான் மெதுவாக. முடியை விடவில்லை. "முட்டை எடுத்தது சனிக்கிழமதான?"

"ஆமா."

"அதுக்கு மொத நாளு பொழுது சாயுறப்ப லோரிய ஓட்டிக்கிட்டு வாரேன். முச்சந்தியில காளியம்மா நிக்கிறா. கால்கிட்ட ஒரு முட்டை ஒடஞ்சு கெடக்கு. சூடம் எரியுது. ஹாரன் அடிச்சேன், திரும்பல. ரெண்டாவது தடவையும் அடிச்சேன். அண்ணி திரும்பிக்கூட பாக்கலடி, விறுவிறுன்னு போறா. ஏன்? அவ அங்க ஒடச்சா, இங்க வெடிக்குது."

காளியம்மா அவனுடைய செத்துப்போன அண்ணனின் மனைவி. அதே தாமான் குடியிருப்பில் இரண்டு வரிசை தள்ளி இருந்தாள். புனிதா வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் வேலை. பீங்கான் கை அச்சுகள் வரிசையாக வரும், அவற்றில் வெந்திருக்கும் கையுறைகளை வெறும் விரலால் உரித்துப் போட வேண்டும். இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். உடைந்த பல்லுக்கு உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவள் அவள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டது புனிதா. "எனக்குப் பயமா இருக்குக்கா, யார் கண்ணு பட்டிருக்கோ, ஒரு முட்டை சுத்திப் போடுங்க" என்று கெஞ்சியவளும் புனிதாதான். காளியம்மா முட்டையில் மையால் மூன்று பொட்டு வைத்து, தலையையும் வயிற்றையும் மூன்று முறை சுற்றி, துப்பச் சொல்லி, முச்சந்திக்கு எடுத்துப் போய் உடைத்தாள். உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கழித்ததெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். யார் கூப்பிட்டாலும், எந்த ஹாரன் அடித்தாலும் நேராகப் போய்க் காலைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். இது பவித்ரனுக்கும் தெரிந்த வழக்கம்தான். கோபம் ஏறிய மண்டையில் அது எங்கே நிற்கும்?

"நீ சுத்திப் போடச் சொன்னியா அவள?"

ஆமாம் என்றால் மூன்றாவது மோதல். அவள் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து ஐஸ்பெட்டிக் கைப்பிடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றாள் புனிதா.

அவன் முடியை விட்டான். பதினோரு வருடத்தில் அந்தக் கை பாதியில் நின்றது அன்றுதான். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருத்தி மேல் பழி போகிறது, நமக்கு அடி நிற்கிறது என்று உடம்பு முழுவதும் மூச்சு விட்டது. அந்த நிம்மதி அவன் வெளியே போய் லோரிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும் வரைதான். சீட்டுக்குப் பின்னால் பாராங் கத்தி வைத்திருப்பான். கல்குவாரிப் பாதையில் விழுந்து கிடக்கும் மரக்கிளைகளை வெட்டுவதற்கென்று சொல்வான்.

புனிதா செருப்பில்லாமல் ஓடினாள்.

காளியம்மா வீட்டு வாசல் குழாயடியில் முக்காலி போட்டுக் கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பவித்ரன் வாளியை எட்டி உதைத்தான். மீன்கள் சிமெண்டுத் தரையில் சிதறின. "எங்க குடும்பத்த அறுக்குறியா? எங்கண்ணன முழுங்குனது பத்தலையா உனக்கு?" என்றான்.

காளியம்மா பயந்தவள் இல்லை. எழுந்து நின்றாள். "பைத்தியமா லா உனக்கு? எத எடுத்துக்கிட்டு வந்து யாருகிட்ட நிக்கிற?"

"அன்னிக்கு முச்சந்தியில என்ன ஒடச்ச?"

"முட்டைதான் ஒடச்சேன். எதுக்கு ஒடச்சேன்னு உன் பொண்டாட்டியக் கேளு. அந்தா நிக்கிறா பாரு."

அவன் திரும்பினான். புனிதா வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கத்தி அவனுடைய தோளுக்கு மேலே இருந்தது. வாங்கி வருடக்கணக்கானாலும் தீட்டித் தீட்டி ஓரம் பளபளவென்று இருந்தது. தான் ஆமாம் என்றால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். காளியம்மா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை, இவள் சொல்லிவிடுவாள் என்று முழுசாக நம்பியிருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் புனிதா.

கத்தி இறங்கியது. தலைக்கு வந்ததைக் காளியம்மா வலது கையால் தடுத்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீன்களுக்கு நடுவில் போய் விழுந்தன. இரண்டாவது வெட்டு மணிக்கட்டின் மேல் எலும்பு வரை இறங்கியது. மூன்றாவது தோளைச் சீவிக்கொண்டு குழாயில் பட்டு, குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியது. அடுத்த வீட்டு ராமையா இரும்பு நாற்காலியைத் தூக்கி வந்து பின்னாலிருந்து அவன் முதுகில் போட்டார். விழுந்தவன் எழுந்தான். இன்னொரு முறை போட்டார். அதற்குள் நாலு பேர் ஓடி வந்து அவன் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அடியில் கிடந்தபடி அவன் ஒருவனுடைய காலைக் கடித்தான்.

புனிதா முழங்காலில் உட்கார்ந்து மீன்களுக்குள் துழாவினாள். இரண்டு விரல்களையும் எடுத்தாள். கழுவிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காளியம்மா வீட்டு ஐஸ்பெட்டியில் இருந்த ஐஸ் கட்டிக்குள் புதைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினாள். ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

விரல்களை ஒட்ட முடியவில்லை. நரம்பு அறுந்துபோனதால் மீதி விரல்கள் மடங்கா என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கையுறை உரித்துப் பிழைத்தவளுக்கு வலது கை முடிந்தது.

மூன்றாம் நாள் பவித்ரனின் கூட்டாளி ஒருவன், குவாரி லோரிக்காரன், புனிதாவின் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தினான். உள்ளே வரவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

"அக்கா, அண்ணே லோக்காப்லருந்து சொல்லி அனுப்புனாரு. போலீஸ் பாலாய்ல உங்களக் கூப்பிடுவாங்களாம். காளியம்மா சூனியம் வெச்சது உண்மைன்னு சொல்லணுமாம். கத்திய மொதல்ல எடுத்தது அவதான்னும் சொல்லணுமாம். அப்படின்னா கேஸு சின்னதாயிரும், ஜாமீன்ல வந்துருவாரு. வந்து கையெழுத்து போடுறேன்னாரு."

"சொல்லலன்னா?"

"போட மாட்டாராம். அது ஐஸ்லயே கெடக்கட்டும்னாரு."

அவன் போன பிறகு புனிதா கட்டிலில் உட்கார்ந்து அந்த எட்டு வரித் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. இன்னொரு முறை ஊசி, மருந்து என்று போக உடம்பிலும் தெம்பில்லை, கட்டியவனும் துணைக்கு வரப்போவதில்லை. அந்தப் பிள்ளை அவளுக்கு வேண்டும். நல்லவனோ கெட்டவனோ, யாருக்குப் பிறந்தாலும் சரி, வேண்டும். பத்து வருடம் வளைகாப்பு வீடுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவள். விரல் போனது போனதுதான், நான் உண்மையைச் சொன்னால் முளைக்கவா போகிறது என்று தனக்குத்தானே நியாயம் சொன்னாள். நல்ல நியாயம்தான். இரண்டு நாளில் அதை அவளே நம்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை பாலாய்க்குப் போனபோது பொய் முழுவதும் வரிசையாக மனப்பாடமாக இருந்தது. மலாய்க்காரப் பெண் இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார். பக்கத்தில் ராஜு என்ற தமிழ்ப் போலீஸ்காரர் மொழிபெயர்த்துக் கணினியில் தட்ட உட்கார்ந்திருந்தார்.

"அந்தக்கா எங்களுக்கு சூனியம் வெச்சாங்க," என்று தொடங்கினாள். "அதனாலதான் என் முட்டையெல்லாம் வெடிச்சது. பேப்பர் இருக்கு."

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கிப் படித்தார். ஏதோ கேட்டார். ராஜு சொன்னார்: "இதுல சூனியம்னு எங்கயும் இல்லையேங்கிறாங்க. என்ன எழுதியிருக்குன்னு ஒவ்வொரு வரியா நீங்களே சொல்லுங்க."

புனிதா விரலை வைத்து ஆரம்பித்தாள். "மொத முட்டை. ஊசி பட்டதும் எதிர்ப்பே இல்ல. வெடிச்சிருச்சு. ரெண்டாவது, அதே மாதிரி. மூணாவது இழுபட்டுச்சு, ஆனா கருவாகல. நாலாவது எதிர்ப்பு இல்ல, வெடிச்சிருச்சு. அஞ்சாவது, அதுவும். ஆறாவது மூணு நாள் இருந்துச்சு. ஏழாவது..." அந்த வரியின் மேல் விரலை அழுத்தினாள். "ஏழாவது நல்லா இழுபட்டு, அப்புறம்தான் வழி விட்டுச்சு. மூடிக்கிச்சு. அதுதான் இருக்கு. எட்டாவது, எதிர்ப்பு இல்ல."

"எதனால வெடிச்சதாம்?"

"மருந்தாலயும் இருக்கலாம், எடுத்த நேரத்தாலயும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. யாரும் ஒண்ணும் செய்யல."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. ராஜு தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "யாரும் செய்யலன்னா காளியம்மா?"

அவள் அந்தத் தாளையே பார்த்தாள். எதிர்ப்பு இல்லை, எதிர்ப்பு இல்லை என்று ஐந்து இடத்தில் எழுதியிருந்தது. ஆறாவது இடம் காளியம்மா வீட்டு வேலிக் கதவு என்று அவளுக்குப் பட்டது. தன் மேல் அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

"அக்கா செய்யல," என்றாள். "முட்டை சுத்திப் போடச் சொன்னது நான். எனக்காகத்தான் போட்டாங்க. அவரு கேட்டப்ப இல்லன்னுட்டேன். வீட்டுல ஒரு தடவ, அக்கா வாசல்ல ஒரு தடவ. ரெண்டாவது தடவ சொன்னப்ப கத்தி மேல இருந்துச்சு. அக்கா கையில ஒண்ணுமே இல்ல, மீன்தான் இருந்துச்சு. எழுதிக்குங்க. இதுக்கு முந்தி என்னை அடிச்சதும் இருக்கு. பல்லுலருந்து சொல்றேன், எழுதிக்குங்க."

எழுதி முடிக்க மதியமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் பவித்ரனை விலங்கோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள். கோர்ட்டில் காவலை நீட்டிக்கக் கொண்டுபோகிறார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. பிடித்திருந்த போலீஸ்காரரை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான். விலங்கிட்ட இரண்டு கைகளும் சேர்ந்து அவள் முகத்தில் இறங்கின. புருவம் கிழிந்தது. அவள் சுவரில் மோதினாள், விழவில்லை. மூன்று பேர் அவனைத் தரையில் குப்புற அமுக்கினார்கள்.

"கையெழுத்து போட மாட்டேன்டி," என்று தரையிலிருந்து கத்தினான். "அது ஐஸ்லயே சாவட்டும். கேட்டுச்சா?"

"போடாத," என்றாள் புனிதா.

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். அந்த ஏழாவதுக்காக, பாலாய் வாசல் படியில் உட்கார்ந்து, வருவோர் போவோர் பார்க்க, மூக்கைச் சிந்தி அழுதாள். ராஜு பஞ்சும் தண்ணீரும் பிளாஸ்திரியும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

மாலையில் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போனாள். கடையில் கட்டி வாங்கிய சோறும் பருப்பும் கையில் இருந்தன. காளியம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரை கட்டுப்போட்டுத் தலையணை மேல் கிடந்தது. மேசையில் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் ஆறிப்போயிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் கரண்டியோடு சோறு கொஞ்சம் சிந்திக் கிடந்தது.

"நான்தான் சுத்தச் சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா," என்றாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

காளியம்மா அவளைக் கிட்டே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். குனிந்ததும் இடது கையால் ஓங்கி ஒரு அறை விட்டாள். பழகாத கை, ஆனாலும் அடி பலமாகத்தான் விழுந்தது. புருவத்துப் பிளாஸ்திரி மறுபடியும் நனைந்தது. பக்கத்துக் கட்டில்காரி நர்ஸைக் கூப்பிடப் போனாள். வேண்டாம் என்று புனிதா கையைக் காட்டினாள்.

"ஹாரன் ரெண்டு தடவையும் எனக்குக் கேட்டுச்சுடி," என்றாள் காளியம்மா. "அவன் லோரின்னும் தெரியும். திரும்புனா உனக்கு நிக்காம போயிரும்னுதான் திரும்பல."

புனிதா மேசையில் சிந்திக் கிடந்த சோற்றை வழித்துத் தட்டில் போட்டாள். காளியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையிலருந்து சாப்பிடல. இடது கையில கரண்டி நிக்க மாட்டேங்குது," என்றாள். "பிசஞ்சு குடு."

புனிதா போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பொட்டலத்தைப் பிரித்து, பருப்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தாள்.